படம் எடுக்க யார் காசு கொடுப்பது? முஸ்தபா அக்காத்தின் திரைவாழ்வை முன்வைத்துச் சில குறிப்புகள்

நம்மவர் மத்தியில் சினிமா பற்றிப் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு தடங்களில்தான் ஓடும். ஒன்று, கூடுமா கூடாதா என்ற தடம். அதில் மௌலவிமார் பேசுவார்கள், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். மற்றது, அடுத்தவர்கள் எடுக்கும் படங்களில் நம்மைக் கடத்தல்காரனாகவும் குண்டு வைப்பவனாகவும் காட்டுகிறார்கள் என்ற ஆதங்கத் தடம். அதில் எல்லோரும் பேசுவார்கள். பேச்சின் முடிவில் யாராவது ஒருவர், "நம்மட ஆக்களும் ஒரு நல்ல படம் எடுக்கத்தானே வேணும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். தேநீர் வரும், கூட்டம் கலையும். அந்த நல்ல படத்துக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டவரை நான் இன்னும் காணவில்லை.

காசைப் பற்றிக் கேட்பது கலையைக் கொச்சைப்படுத்துவது என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ் படித்தவன் என்ற வகையில் எனக்கு அந்த நினைப்பு இல்லை. நமது இலக்கிய வரலாற்றின் பெரும்பகுதி புரவலர் வரலாறுதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் வைத்தவர்கள் தமிழர்கள். நபியவர்களின் (ஸல்) வாழ்வைத் தமிழில் காப்பியமாக்கிய உமறுப்புலவருக்கும் இது பொருந்தும். சீறாப்புராணம் பிறப்பதற்கு வள்ளல் சீதக்காதி தூண்டுகோலாக இருந்தார் என்பதும், நூல் முடிவதற்குள் அவர் காலமாகிவிட அபுல் காசிம் மரைக்காயர் புலவரைத் தாங்கினார் என்பதும் நாம் படித்த, படிப்பிக்கின்ற செய்திகள். அபுல் காசிமின் கொடைச் சிறப்பைப் புலவர் காப்பியத்துக்குள் இடையிடையே வைத்துப் பாடினார். இதில் வாசகனுக்கு மயக்கமில்லை. புலவருக்குச் சோறு போட்டவர் யார் என்பது நூலுக்குள்ளேயே பகிரங்கமாக இருக்கிறது. கொடுத்தவருக்குச் சில செய்யுள்கள் போக, மிச்சமெல்லாம் சீறாவுக்குத்தான்.

சினிமாவில் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக இருப்பதில்லை. புலவனுக்கு வேண்டியவை ஏடும் எழுத்தாணியும் வீட்டில் உலையேற்ற அரிசியும். புரவலர் இறந்தால் இன்னொருவர் வரும்வரை எழுத்தாணியை இறவாணத்தில் செருகிவிட்டுக் காத்திருக்கலாம். படப்பிடிப்பு அப்படிக் காத்திருக்காது. கமெரா நாள் வாடகை, விளக்குகள் நாள் வாடகை. நடிகர் தந்த திகதி போனால் போனதுதான். நூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும், மழை பெய்து வேலை நின்றாலும் போட வேண்டும். இவ்வளவும் செலவழிந்து, படம் முழுதாக முடிந்து, கொட்டகைக்கு வரும்வரை ஒரு சதம் திரும்பி வராது. பாதியில் நின்ற காப்பியத்தை இன்றும் படிக்கிறோம். சீறாவே நபியவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பிறகு பனீ அஹ்மது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். பாதியில் நின்ற படத்தை யாரும் டிக்கட் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே புலவனைவிடப் படம் எடுப்பவனின் குடுமி கொடுப்பவரின் கையில் இறுக்கமாக இருக்கிறது.

இதைச் சிந்திப்பதற்கு முஸ்தபா அக்காத்தின் வாழ்வு பொருத்தமான உதாரணம். 1930 இல், அலெப்போ என்று உலகம் சொல்லும் சிரியாவின் ஹலப் நகரில் பிறந்தவர். சினிமா படிக்க அமெரிக்கா புறப்பட்டபோது தந்தை தன் கையில் தந்தவை 200 டொலரும் ஒரு குர்ஆன் பிரதியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கலிபோர்னியாவில் படித்து அங்கேயே தொழிலும் செய்தார். அவர் நெறியாள்கை செய்த முழுநீளப் படங்கள் இரண்டே இரண்டுதான்: 'தி மெசேஜ்', 'லயன் ஒஃப் த டெஸட்'. நமக்கு அவரைத் தெரிந்தது இவற்றால். அமெரிக்கச் சினிமா வியாபாரத்திலோ அவர் பெயர் நிலைத்தது 'ஹலோவீன்' என்ற திகில் பட வரிசையின் தயாரிப்பாளராக. கத்தியோடு அலையும் முகமூடிக் கொலைகாரனின் கதை அது. ஒரே மனிதர் எப்படி இந்த மூன்றோடும் சம்பந்தப்பட்டார் என்று கேட்டால் அதற்கு விடை காசில் கிடக்கிறது.

முதலில் 'தி மெசேஜ்'. அரபுப் பிரதிக்கு 'அர்-ரிஸாலா' என்று பெயர். இஸ்லாத்தின் தொடக்க ஆண்டுகளை மேற்குலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அக்காத்தின் ஆசை. ஹொலிவூட் கம்பனிகள் காசு போட முன்வரவில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு வியாபார நியாயம் இருப்பதும் தெரியும். இந்தக் கதையின் மையமான மனிதர் திரையில் தோன்றவே மாட்டார். அவரது குரலும் கேட்காது. மனைவியர், மக்கள், முதல் கலீபாக்கள் எவரும் வரமாட்டார்கள். அலி (ரழி) அவர்களின் வாள் மட்டும் தெரியும், அவ்வளவுதான். மற்றவர்கள் கமெராவைப் பார்த்துப் பேசுவார்கள்; நபியவர்கள் (ஸல்) நிற்கும் இடத்தில் கமெரா நிற்கும். சுவரொட்டியில் கதாநாயகன் முகத்தைப் போட்டு டிக்கட் விற்கும் தொழிலில், முகமே இல்லாத படத்துக்கு எவர் முதல் போடுவார்? நமக்கு இது அதப். அவர்களுக்கு இது நட்டக் கணக்கு.

அக்காத் முஸ்லிம் அரசுகளிடம் போனார். குவைத், மொரோக்கோ, லிபியா ஆகியவை கைகொடுக்கச் சம்மதித்தன. திரைக்கதையை எச். ஏ. எல். கிரேக் எழுத, எகிப்தின் தௌபீக் அல் ஹகீம் போன்ற எழுத்தாளர்கள் உதவினர். அல் அஸ்ஹர் அறிஞர்களிடமும் லெபனானின் ஷீஆ உயர்பீடத்திடமும் பிரதி காட்டப்பட்டது. அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் வருகிறது. ஆனால் மக்காவைத் தளமாகக் கொண்ட ராபிதா அமைப்பு எதிர்த்தது. குவைத் காசை நிறுத்திக்கொண்டது. மொரோக்கோவில் மக்கா நகரையே செட்டாகக் கட்டியெழுப்பிப் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தபோது, சவூதியின் அழுத்தத்தால் அந்நாட்டு மன்னரும் படப்பிடிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

படப்பிடிப்பு இடைநடுவில் நிற்பது என்றால் என்ன என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அக்காத் ஒரு படமாக அல்ல, இரண்டு படமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழு, அரபுக்கு இன்னொரு குழு. ஒவ்வொரு காட்சியும் ஒரே செட்டில் இரு தரம். ஹம்ஸா (ரழி) அவர்களாக ஆங்கிலத்தில் அன்டனி குயின், அரபில் அப்துல்லாஹ் கைத். ஹிந்தாவாக ஆங்கிலத்தில் ஐரீன் பாப்பாஸ், அரபில் முனா வாஸிஃப். குரல் மாற்றி ஒட்டிவிட்டிருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். அரபு மக்களுக்கு உதடு ஒட்டாத படத்தைக் கொடுக்க அவர் விரும்பவில்லை. இரண்டு பிரதியையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. பாப்பாஸின் ஹிந்தாவில் கிரேக்க நாடகத்தின் கம்பீரம் இருக்கிறது, வாஸிஃபின் ஹிந்தாவில் குறைஷிக் குடும்பத்தின் ஆங்காரம் இருக்கிறது. ஆனால் இரு குழு, இரட்டைச் சம்பளம் என்ற நிலையில் வேலை நிற்கும்போது நட்டமும் இரட்டைதான். அந்த நேரத்தில் எடுத்தவரைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே வந்து முடி" என்று இடமும் காசும் கொடுத்தவர் லிபியாவின் கடாபி. மீதிப் படப்பிடிப்பு லிபியாவில் நடந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கும் அவருடையதே. அக்காலத்தில் 10 மில்லியன் டொலர் அளவிலான படம் அது.

அபுல் காசிமுக்குச் சீறாவில் செய்யுள் கிடைத்தது. கடாபிக்கு இந்தப் படத்துக்குள் என்ன கிடைத்தது? சும்மா சொல்லக்கூடாது, கதைக்குள் எதுவும் கிடைக்கவில்லை. தலைவனைத் துதிக்கும் காட்சி எதையும் நான் காணவில்லை. காரணம் கடாபியின் பெருந்தன்மையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனது வாசிப்பில், கதையே அதற்கு இடங்கொடுக்கவில்லை. சீறா வரலாறு ஊர் அறிந்தது. ஒரு சம்பவத்தைத் திருப்பினால் பள்ளிப் பிள்ளையும் பிழை பிடிக்கும். புரவலர் கை வைக்க முடியாத அளவுக்குக் கதை கெட்டியாக இருந்தது.

அப்படியானால் அந்தக் காசு படத்தில் எங்கே தெரிகிறது? பத்ரிலும் உஹதிலும் தெரிகிறது. குதிரைகள், ஒட்டகங்கள், புழுதி, ஆயிரக்கணக்கான ஆட்கள். ஜாக் ஹில்ட்யாட்டின் ஒளிப்பதிவும் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட மொரிஸ் ஜாரின் இசையும் அந்த இடங்களில் முழுப் பலத்தோடு நிற்கின்றன. இருந்தாலும் படத்தை நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது போர்க்களமா? எனக்கு இல்லை. நஜ்ஜாஷி மன்னரின் சபைதான். ஒரு மண்டபம். துரத்தி வந்த குறைஷித் தூதர்கள் ஒரு பக்கம், அடைக்கலம் தேடி வந்தவர்கள் மறுபக்கம். ஜஃபர் (ரழி) ஸூரா மர்யமை எடுத்துரைக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கும் கிறிஸ்தவ மன்னரின் முகம் மெல்ல மாறுகிறது. அந்தக் காட்சியைத் தாங்குவது ஒரு குரலும் ஒரு முகமும்தான். இந்தப் படத்தின் மிகச் சிறந்த நிமிடங்கள் மிகக் குறைந்த செலவில் எடுக்கக்கூடிய நிமிடங்கள். இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் 1976 இல் இலண்டனில் வெளிவந்தது. நபியவர்களின் பெயரைத் தலைப்பில் வைத்ததற்கு எதிர்ப்புக் கிளம்பியதால் கடைசி நேரத்தில் தலைப்பு மாறியது. 1977 மார்ச்சில் அமெரிக்காவில் திரையிட்டபோது வொஷிங்டனில் ஆயுதந்தாங்கிய ஒரு குழு மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி 149 பேரைப் பணயம் பிடித்தது. அவர்களது கோரிக்கைகளில் ஒன்று இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. அன்டனி குயின் நபியாக நடிக்கிறார் என்ற வதந்தி வேறு. வானொலிச் செய்தியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். பணயக்காரர்களோடு பேசி முடிக்க எகிப்து, பாகிஸ்தான், ஈரான் தூதுவர்கள் போக வேண்டியிருந்தது. அமெரிக்கக் கொட்டகைகளில் அந்தப் படத்துக்கு இருந்த வாய்ப்பு அத்தோடு போயிற்று. நபியின் மேல் உள்ள அன்பினால் எடுத்த படத்தை, நபியின் மேல் உள்ள அன்பின் பெயரால், பார்க்காமலே முடக்கினார்கள்.

பிறகு படம் உலகம் சுற்றியது வீடியோ கெசட்டில். தொண்ணூறுகளில் கிழக்கிலங்கையின் எங்கள் ஊரிலும் டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்துத் தலைக்கு ஐந்து ரூபா சேர்த்து இதைப் பார்ப்பது வழக்கம். பிலால் (ரழி) பாங்கு சொல்லும் இடத்தில் உம்மாமார் முந்தானையால் கண் துடைப்பார்கள். டெக்காரருக்குக் காசு போனது, கெசட் கடைக்குப் போனது. எடுத்தவருக்குப் போக ஒரு பாதையே இருக்கவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் பார்த்த படம் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அந்தக் கோடிக்கணக்கானோர் ஆளுக்கு ஒரு ரூபா என்ற கணக்கிலாவது எடுத்தவரைச் சென்றடையும் ஏற்பாடு இருந்திருந்தால், அடுத்த படத்துக்கு அவர் மன்னர்களின் வாசலில் நிற்க வேண்டி வந்திராது.

அடுத்த படத்துக்கும் நின்றார். 'லயன் ஒஃப் த டெஸட்' இத்தாலிய ஆதிக்கத்தை இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1931 செப்டெம்பரில் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் கதை. உமர் முக்தாராக மீண்டும் அன்டனி குயின், இத்தாலியத் தளபதி கிராசியானியாக ஒலிவர் ரீட், முசோலினியாக ரொட் ஸ்டைகர். 35 மில்லியன் டொலர் செலவு, கொடுத்தது கடாபியின் லிபியா. டாங்கிகள் மணலில் வரிசையாக வருவதைப் பார்த்தாலே பின்னால் ஓர் அரசு நிற்பது தெரியும். இதிலும் எனக்குப் பிடித்த இடம் டாங்கி இல்லாத இடம். வயோதிபரான முக்தார் சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். ஸூரா அர்-ரஹ்மானில் வரும் தராசைப் பற்றி விளக்குகிறார். முடிவில் தூக்குமேடையில் விழுந்த அவரது மூக்குக் கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்கிறான். ஆசிரியத் தொழில் செய்கிறவர்கள் அந்த இடத்தை இலேசில் தாண்டிப் போக முடியாது.

படம் பொய் சொல்லவில்லை. பாலைவனத்தில் முட்கம்பி முகாம்களை அமைத்து மக்களை அடைத்தது நடந்த கதை. ஆனாலும் இத்தாலி 1982 இல் தனது இராணுவத்தின் மானத்துக்கு இழுக்கு என்று தடைசெய்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அதைக் காட்ட 2009 ஆயிற்று. அமெரிக்காவில் படம் வந்த சுவடே தெரியாமல் போனது, போட்ட காசில் சொற்பமே திரும்பியது. "இது கடாபியின் படம்" என்ற ஒரு வரி போதுமாக இருந்தது, பார்க்க விரும்பாதவர்களுக்கு. புரவலரின் காசு பற்றி நாம் வழமையாக அஞ்சுவது, அவர் கதைக்குள் கை வைப்பார் என்று. அக்காத்தின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. கதைக்குள் கை வைக்காத காசும் வாசலில் நின்று பார்வையாளரைத் திருப்பி அனுப்பிவிடும். உமர் முக்தாரின் கழுத்துக் கயிறு உண்மையா என்று கேட்க வேண்டியவர்கள், கயிறு வாங்கியது யார் காசில் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1978 இல் வந்தது 'ஹலோவீன்'. ஜோன் கார்பென்டர் என்ற இளம் நெறியாளருக்கு அக்காத் போட்ட காசு ஏறத்தாழ 3 இலட்சம் டொலர். 'லயன் ஒஃப் த டெஸட்'டின் செலவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று வாரமளவில் எடுத்து முடித்தார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக வாங்கிய ஒரு தொலைக்காட்சி நாயகனின் முகம். அதற்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், எடுத்ததோ வசந்தத்தில். ஆகவே சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி எடுப்பார்கள், பிறகு கூட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்டி அடுத்த காட்சிக்குக் கொண்டுபோவார்கள். இசைக்குத் தனியாக ஆள் பிடிக்கக் காசில்லை, நெறியாளரே இசையும் அமைத்தார். எழுத்து, நெறியாள்கை, இசை எல்லாவற்றுக்குமாக அவர் வாங்கியது 10,000 டொலரும் இலாபத்தில் ஒரு பங்கும். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: படத்தில் யாரும் தலையிடக் கூடாது. அக்காத் தலையிடவில்லை. படம் உலகெங்கும் 70 மில்லியன் டொலர் அளவில் வசூலித்தது.

திகில் படக் காசு பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது புரவலர் என்ற இடத்தை. அந்த இடத்தில் மற்றவர்கள் இருந்தபோது மொரோக்கோவில் பாதிப்படத்தோடு தவித்த அக்காத், தான் அந்த இடத்தில் இருந்தபோது ஓர் இளைஞனைச் சுதந்திரமாக விட்டார். எப்படி விட முடிந்தது? நல்ல மனசு மட்டும் காரணம் அல்ல. அது தோற்றாலும் தாங்கக்கூடிய காசு. 3 இலட்சம் போனால் அக்காத்துக்குக் கவலை, அவ்வளவுதான். 35 மில்லியன் போனால் தாங்க ஓர் அரசுதான் வேண்டும், அரசு வந்தால் அதன் பகையும் பெயரும் கூடவே வரும். சுயாதீன சினிமா என்று நாம் பெரிதாகப் பேசும் சுதந்திரம் கொள்கையில் இருப்பதைவிட அதிகமாக இந்தக் கணக்கில் இருக்கிறது: நட்டத்தைத் தாங்கும் தோள் யாருடையது, அந்தத் தோளுக்கு எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்ற கணக்கில்.

1981 க்குப் பிறகு அக்காத் நெறியாள்கை செய்த படம் எதுவுமில்லை. 'ஹலோவீன்' ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. முதல் எட்டுப் படங்களிலும் தயாரிப்பாளர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. சலாஹுத்தீன் ஐயூபி பற்றிய படம் ஒன்று அவர் மனதிலும் கடுதாசியிலும் இருந்தது. ஷோன் கொனரி நடிப்பதாகவும் பேச்சு. கடைசிவரை அது படப்பிடிப்புக்குப் போகவில்லை. 2005 நவம்பரில் அம்மானில் ஹோட்டல்களில் நடந்த குண்டுத் தாக்குதலில் அவரும் மகளும் கொல்லப்பட்டார்கள். இருபத்து நான்கு வருடங்கள், கதையும் திறமையும் கையில் இருந்தபடி, ஒரு கலைஞன் சும்மா இருந்திருக்கிறான். சலாஹுத்தீனின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் ஒரு சமூகம் அவ்வளவு காலமும் அவனைச் சுற்றி இருந்தது.

வேறு வழியில் காசு சேர்த்தவர்களும் உண்டு. 'அக்ரஹாரத்தில் கழுதை' மூலம் தமிழ் ரசிகர்கள் அறிந்த மலையாள நெறியாளர் ஜோன் ஆபிரகாம், 1984 இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து ஒடெஸ்ஸா என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டார்கள். சார்லி சப்ளினின் படத்தைத் திரைகட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களிடம் இயன்றதைக் கேட்டார்கள். அப்படிச் சேர்ந்த சில்லறையில் 1986 இல் 'அம்ம அறியான்' வந்தது. எடுத்து முடித்ததும் கொட்டகைகளை நம்பாமல் அதே சனங்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இதைப் பொன்னான வழி என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருடமே ஜோன் இறந்துபோக, அந்த இயக்கத்திலிருந்து அவரது இன்னொரு படம் வர வழியில்லாமல் போனது. ஆனால் அந்த ஒரு படத்தை "இன்னாருடைய படம்" என்று ஒதுக்க எவராலும் முடியவில்லை. ஆயிரம் பேர் கொடுத்தால் எவர் பெயரைச் சொல்லி ஒதுக்குவது?

இனி நமது வாசலுக்கு வருவோம். நம்மூரில் நூல் எப்படி வெளிவருகிறது என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியீட்டு விழா, முதற்பிரதி, பொன்னாடை, ஒரு கடிதவுறை. முதற்பிரதி பெறுபவர் நூலைப் படிக்க மாட்டார். அது ஒரு வகையில் நல்லது, அதனால் நூலுக்குள் கை வைக்கவும் மாட்டார். படத்தில் அப்படியல்ல, படத்தைப் பார்க்க வாசிப்புப் பழக்கம் தேவையில்லை. எனது பழைய மாணவன் ஒருவன் கடற்றொழிலாளர் குடும்பமொன்றைப் பற்றி இருபது நிமிடக் குறும்படம் எடுக்கப் புறப்பட்டான். உதவ வந்தவர் ஒரு கடை முதலாளி. பிறகு ஒருநாள் வந்து சொன்னான்: "சேர், கதாநாயகன் அவர்ர கடைக்குள்ள போய் உடுப்பு எடுக்கிற மாதிரி ஒரு சீன் வெக்கட்டாம். போட்டும் விளங்கணுமாம். கடலுக்குப் போய் மூணு நாளாக் காணாத வாப்பாவத் தேடுற பொடியன் எதுக்கு சேர் உடுப்புக் கடைக்குப் போறான்?" நல்ல கேள்வி. விமர்சனம் என்பதே இந்தக் கேள்விதான். அந்தக் காசை அவன் வாங்கவில்லை. தன் வகுப்புக் கூட்டாளிகளிடம் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்தான். படம் எடுத்தாயிற்று. ஒலிவேலைக்குக் காசு போதாமல் இன்னும் கணினியில் கிடக்கிறது. நான் சத்தமில்லாமல் பார்த்தேன். கரையில் நின்று கடலைப் பார்க்கும் தாயின் முகத்தை அவன் எடுத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இவனுக்கு வேண்டியது திறமை அல்ல என்பது தெரியும்.

ஆகவே "நம்மட ஆக்களும் ஒரு படம் எடுக்க வேணும்" என்று அடுத்த கூட்டத்தில் எவராவது சொன்னால் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும் என நினைக்கிறேன். முதலாவது, எந்தப் படம்? நாம் எடுத்த எடுப்பில் பத்ர் களத்தைக் கேட்கிறோம், அல் அக்ஸாவைக் கேட்கிறோம். அவை அரசுகள் தாங்கும் படங்கள். நஜ்ஜாஷியின் சபையைப் போல ஒரு மண்டபத்துக்குள், ஒரு குரலிலும் ஒரு முகத்திலும் நிற்கும் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. 1990 இல் வடக்கிலிருந்து சில மணித்தியாலங்களில் வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டு வந்தது? அதைச் சொல்ல ஒரு வீடும் ஒரு கதவும் போதும். சுனாமிக்குப் பிறகு மையித்து கிடைக்காத ஒரு வாப்பா? அதற்கும் டாங்கி வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? ஐந்நூறு ரூபா என்றால் ஐந்நூறு ரூபா. இதுபோன்ற சஞ்சிகைகள் எல்லாம் சந்தாவில்தான் மூச்சு விடுகின்றன. சந்தா கட்டியவர் கட்டுரையைத் திருத்தச் சொல்லிக் கேட்பதில்லை, பிடிக்காவிட்டால் கடிதம் எழுதுவார். அதே முறையைக் குறும்படத்துக்கும் கொண்டுவரலாம். பாடசாலை மண்டபத்தில் திரையிட்டால் சும்மா பார்க்க வைக்காமல் சிறு கட்டணம் வாங்கலாம். படத்தின் முடிவில் கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரும், ஐந்நூறு கொடுத்தவருடையதும் ஐம்பதாயிரம் கொடுத்தவருடையதும், ஒரே அளவு எழுத்தில் ஓடட்டும். உமறுப்புலவர் செய்தது போலப் பகிரங்கமாக. செல்வந்தர்களை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. அவர்கள் கமெரா வாங்கிக் கொடுக்கலாம், ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று அமைத்துக் கொடுக்கலாம். அவை பல படங்களுக்கு உதவும், எந்தப் படத்திலும் கடைப் பெயர்ப்பலகையாக வந்து நிற்காது.

இந்தச் சில்லறையில் எல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். பல படங்கள் நட்டப்படும், சில படங்கள் மோசமாகவும் இருக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு மோசமான படம் பார்த்தவர் அடுத்ததற்கும் ஐந்நூறு கொடுப்பாரா என்பதில்தான் ஒரு சமூகத்துக்குச் சினிமா வருமா வராதா என்பது தங்கியிருக்கிறது.

2018 இல், சவூதி அரேபியாவில் திரையரங்குகள் மீண்டும் திறந்த அதே வருடம், நோன்புப் பெருநாளை ஒட்டி 'அர்-ரிஸாலா' புதுப்பித்த பிரதியாக அங்கே திரையிடப்பட்டது. அந்நாட்டின் அழுத்தத்தால் மொரோக்கோவில் நிறுத்தப்பட்ட படத்துக்கு அந்நாட்டு மக்கள் டிக்கட் எடுத்தார்கள். புதுப்பிக்கும் வேலையை முன்னின்று செய்தவர் அக்காத்தின் மகன். அக்காத் இறந்து அப்போது பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. சலாஹுத்தீனின் படம் இன்னும் கடுதாசியில்தான் இருக்கிறது.